பிள்ளைகள் எல்லாருக்கும் சொறி

அரச அலுவலகம் ஒன்றுக்குத் தமிழில் எழுதப்படும் கடிதத்துக்குத் தமிழிலேயே பதில் அனுப்ப வேண்டும். உடனே பதில் சொல்ல முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது என்றாவது அறிவிக்க வேண்டும். இந்த விதியை நினைவூட்டும் சுற்றுநிருபங்களை என் உத்தியோக காலத்தில் நானே பல தடவை பிழை திருத்தி அனுப்பியிருக்கிறேன். விதியில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. அதைப் பின்பற்றுகிறவர்களைத்தான் அதிகம் சந்தித்ததில்லை.

அந்த விதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டு கண்டி நகரத்தில் ஓர் அலுவலகத்தின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. சுகாதாரத்தோடு தொடர்புள்ளது என்பது போதும். வெளியே மழை. ஈரக் குடைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் என் தங்கச்சியின் மகள் யோகேஸ்வரி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். இருவரும் சொறிந்துகொள்ளாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம்.

அது சுலபமான வேலை அல்ல. விரல் இடுக்கில் தொடங்கும். மணிக்கட்டுக்குப் போகும். நாகரிகமானவர்கள் பொது இடத்தில் தொடாத இடங்களைத் தேடிப் போகும். நான் கையிலிருந்த பத்திரிகையை மடிப்பதுபோல் விரல்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டேன். யோகேஸ்வரி கைப்பையின் பட்டியை முறுக்குவதுபோல் அதே வேலையைச் செய்தாள். எதிர் வாங்கிலிருந்த பெண்மணி தன் பிள்ளையை மெல்ல மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"மாமா, பாத்துட்டாங்க" என்றாள் யோகேஸ்வரி.

"பார்க்கட்டும். அவங்களுக்கும் இன்னும் ரெண்டு கிழமையில தெரியும்."

"இதெல்லாம் பகிடியா மாமா?" என்று கோபித்துக்கொண்டாள். அவளுக்கு அது பகிடியல்ல. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மடுவம்

ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைமடுவம் யோகேஸ்வரியின் பொறுப்பில் இருந்தது. அரச பாஷையில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளை நம்முடையது, மடுவம் சிங்களவர்களின் கொட்டில். இரண்டையும் சேர்த்துத் தைத்த பெயர், பலகையில் இல்லாவிட்டாலும் வாயில் நிற்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் வந்து தூக்கிக்கொள்வார்கள்.

உயர்தரம் படித்து, பயிற்சியும் முடித்து, அந்த மடுவத்துக்கு அவள் நியமனம் பெற்றபோது என் தங்கச்சி லெச்சுமி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சீனி பகிர்ந்தாள். தன் மகள் கொழுந்து மலைக்குப் போகமாட்டாள் என்பதற்கான சீனி அது. நியமனம் தற்காலிகமானது என்ற விவரத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆடி மாதமளவில் ஒரு குழந்தைக்கு விரல் இடுக்கில் பொரிப்பொரியாக வந்தது. பிறகு அதன் அக்காவுக்கு. பிறகு மடுவத்தில் பாதிப் பேருக்கு. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். மருந்து பூசிய குழந்தை, பூசாத அம்மாவோடு ஒரே பாயில் படுத்தது. அடுத்த மாதம் திரும்பவும் வந்தது. சொறிப் பூச்சிக்கு வீடு வேறு, மடுவம் வேறு என்ற நிர்வாக எல்லை தெரியாது. லயத்தில் எல்லோரும் ஒரே நாளில் பூசினால் போகும். ஆளுக்கொரு நாளில் பூசினால் லயத்து அறைகளில் காம்பராவுக்குக் காம்பரா சுற்றுலா போய்வரும்.

இதை யோகேஸ்வரி புரிந்துகொண்டாள். லயம் புரிந்துகொண்டது வேறு. மடுவத்துக்குப் போன பிள்ளைக்குத்தான் முதலில் வந்தது, ஆகவே மடுவத்திலிருந்து வந்தது, ஆகவே மடுவத்துக்காரி கொண்டுவந்தாள். கோயில் தலைவர் கறுப்பையா அவளுக்குச் 'சொறி டீச்சர்' என்று பெயர் வைத்தார். அவர் வைத்தால் அது பெயர்சூட்டு விழா மாதிரி. மறுநாளே சின்னப் பிள்ளைகள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

தோட்ட நிர்வாகியான துரை மடுவத்தைப் பூட்டச் சொன்னார். சுகாதாரப் பகுதியிலிருந்து 'திறக்கலாம்' என்று எழுத்தில் வந்தால்தான் திறப்பாராம். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் எழுத்தில்தான் கேட்டிருப்பேன். ஆனால் கூடவே ஒன்று சொன்னார். மடுவம் பூட்டியே கிடந்தால் மடுவத்துக்கு ஆள் எதற்கு? வருட முடிவுக்குள் திறக்காவிட்டால் யோகேஸ்வரி கொழுந்து மலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

அதற்கு முன்பே அவள் அந்தக் கண்டி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். தமிழில், நல்ல கையெழுத்தில். பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டாள். "கடிதம் பார்த்தாச்சு, பிரச்சினை இல்லை" என்று யாரோ அன்பாகச் சொன்னார்களாம். பிரச்சினை இல்லை என்று அரச அலுவலகம் சொன்னால் நான் பயப்படுவேன்.

எனக்கு வந்த விதம்

லெச்சுமி வீட்டில் ஒரு சனிக்கிழமை தங்கினேன். குளிர். கம்பளியைக் கொடுத்தாள். போர்த்திக்கொண்டேன். மூன்று நான்கு கிழமை, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, படுக்கைக்குப் போனதும் உடம்பு முழுக்கத் தினவெடுத்தது.

தோல் வைத்தியர் ஒருவரைக் காசு கட்டி முன்பதிவாகச் சனல் பண்ணிப் போனேன். விரலைப் பார்த்தார். "என்ன வேலை செய்தீங்க?" என்று கேட்டார். பதவியைச் சொன்னேன். அந்தப் பதவிக்கு இந்த நோய் வரக்கூடாது என்பதுபோல் இன்னொரு தடவை பார்த்தார். மருந்துச் சீட்டோடு பாமசிக்குப் போனால், என்னை நீண்டகாலமாக அறிந்த கடைக்கார முஸ்லிம் நானா சத்தமாகக் கேட்டார்:

"இது சேருக்கா?"

"ஆமா நானா."

"ஊட்டுல எல்லாருக்கும் எடுங்க சேர். ஒராளுக்கு மட்டும் பூசி வேலயில்ல. வேலக்காரி ஈந்தா அவவுக்கும் குடுங்க."

"வேலைக்காரி இல்ல நானா. எனக்கு என் சொந்தக்காரங்கக்கிட்ட இருந்துதான் வந்திச்சு."

கடையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். நானா மருந்தை இரண்டு தாளில் சுற்றினார். சாராயப் போத்தலைக்கூட அந்த நாளில் யாரும் அவ்வளவு மறைத்துக் கட்டியதில்லை. பூசினேன்; ஆனால் லெச்சுமி வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை, திரும்பி வருவதை அதுவும் நிறுத்தவில்லை.

இது எனக்கு முதல் தடவையும் அல்ல. பள்ளிக்கூட விடுதியில் ஒரு தவணை எங்களுக்கெல்லாம் வந்தது. விடுதிப் பொறுப்பாளர் எங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, சுவருக்கு வெள்ளையடிக்கிற தூரிகை போன்ற ஒன்றால் கழுத்திலிருந்து கால்வரை பூசினார். காயம் உள்ள இடத்தில் பட்டதும் எரியும். பெரிய இடத்துப் பையன்கள் முதலில் கத்தினார்கள். எரிச்சலில் மட்டும் எங்களுக்குள் பாகுபாடு இருக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து என் போன்றவர்களைக் காட்டி "தோட்டத்துப் பயலுகள் கொண்டுவந்தது" என்றார்கள். அந்தப் பேச்சு போவதற்குத் தவணை முடிய வேண்டியிருந்தது. ஆகவே யோகேஸ்வரி தன் பட்டப்பெயரைச் சொல்லி அழுதபோது, அது யார் வாயில் எப்படி ஒட்டும் என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு புறப்பட்டேன். இருவரும் மலையிலிருந்து அந்த அலுவலகத்துக்கு இறங்கி வந்தோம்.

கோப்பு

கடைசியில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் இளம் சிங்கள உத்தியோகத்தர். எழுந்து நின்று வணங்கி, கதிரை காட்டி, தமிழிலேயே பேசினார். நான் கொண்டுபோயிருந்த கோபத்தில் பாதி அங்கேயே வீணாகிவிட்டது.

"சேர், அந்தக் கடிதம் நாந்தான் மொழிபெயர்ப்பு செஞ்சது. கோப்பு இருக்கு."

அலுமாரியிலிருந்து எடுத்து விரித்தார். யோகேஸ்வரியின் கடிதத்துக்கு மேல் சிங்களத்தில் ஒரு குறிப்பு. வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

யோகேஸ்வரி எழுதியிருந்தது இது: 'எங்கள் மடுவத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொறி. தயவுசெய்து வந்து பாருங்கள்.'

மொழிபெயர்ப்பு இது: 'எங்கள் கொட்டிலின் பிள்ளைகள் அனைவரும் மன்னிப்புக் கேட்கிறார்கள். தயவுசெய்து வந்து பாருங்கள்.'

அதன் கீழே வேறொரு கையெழுத்து: 'மன்னிப்பு ஏற்கப்பட்டது. செல்லத் தேவையில்லை. கோப்பிடவும்.'

"என்னா மாமா போட்டிருக்கு?" என்றாள் யோகேஸ்வரி. சொன்னேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து. பிறகு அந்த இளைஞரைப் பார்த்தாள்.

"எதுக்குங்க பிள்ளைங்க மன்னிப்புக் கேக்கணும்? அதுங்க என்னா செஞ்சிச்சி?"

"அதுதான் மிஸ் எங்களுக்கும் வெளங்கல்ல" என்றார் அவர் உண்மையாகவே. "சின்னப் பிள்ளைகள்தானே, பரவாயில்ல எண்டு விட்டது."

"சொறி என்றால் என்ன என்று நினைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தன் போனை எடுத்து நீட்டினார். நண்பர் ஒருவர் அனுப்பிய செய்தி. 'சொறி மச்சான், பஸ் லேட்.' இன்னொன்று: 'சொறி டா, நேத்து தூங்கிட்டேன்.'

"தமிழ் ப்ரெண்ட்ஸ் எல்லாரும் இப்பிடித்தான் சேர் எழுதுறது. நான் பரீட்சைக்கும் இப்பிடித்தான் எழுதினது. பாஸ்."

இளைஞர் சொன்னதில் பிழை இல்லை. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இந்த இங்கிலீஷ் சொல்லுக்குச் 'சாரி' என்று வேறு எழுத்துப் போடுகிறார்கள். இந்த நாட்டில் நாம்தான், வருத்தம் தெரிவிப்பதற்கும் தோலைப் பிறாண்டுவதற்கும் ஒரே எழுத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அரசாங்கம் தமிழ் படிக்கவில்லை என்று குறைசொல்கிறோம். இவர் படித்திருந்தார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. தமிழே தெரியாதவராக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பார்.

சத்தம் கேட்டுப் பொறுப்பதிகாரி உள்ளறையிலிருந்து வந்தார். நடுத்தர வயதுச் சிங்களப் பெண்மணி, வைத்தியர். விஷயத்தை நான் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன். பொருத்தமான சொல்லைத் தேடி, தோலில் பரவும் ஒட்டுண்ணித் தொற்று என்று முறையாக நான் ஆரம்பித்து முடிப்பதற்குள் யோகேஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து விரல்களை அகல விரித்துக் காட்டினாள்.

"ஹொரி மேடம். ஹொரி!"

சிங்களத்தில் சொறிக்கு அதுதான் பெயர். காதுக்கு ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த இளைஞர் முதலெழுத்தை மாற்றி வாசித்திருந்தாலே போதும்; ஆவணி மாதமே காரியம் முடிந்திருக்கும்.

அதிகாரி சிரித்தார். கோப்பை வாங்கிக் குறிப்பை வாசித்ததும் இன்னும் சிரித்தார். பிறகு விரல்களுக்குக் குனிந்தார். சிரிப்பு நின்றது.

"எத்தனை வீடு?" என்றார் சிங்களத்தில். யோகேஸ்வரி சொன்னாள். "எல்லோரும் ஒரே நாளில் வீட்டில் இருக்கிற நாள் எது? கொழும்பில் வேலை செய்கிறவர்களும் சேர்த்து."

யோகேஸ்வரி யோசிக்கவேயில்லை.

"தீவாளி."

தீபாவளிக்கு முந்திய மாலை

இதைவிடப் பொருத்தமான பண்டிகை உலகத்தில் இல்லை. மாலையில் பூச வேண்டும். மறுநாள் விடியலில் எப்படியும் முழுகத்தான் போகிறார்கள். பூசிய பிறகு பழைய துணி உடுத்தக்கூடாது. எப்படியும் புதுத்துணி எடுத்துவைத்திருக்கிறார்கள். பழையதை அவித்துக் காயப்போட வேண்டும். பலகாரம் சுட்ட அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. என் சேவைக் காலத்தில் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்திய ஒரு திட்டத்தை நான் தயாரித்ததில்லை.

சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவிச்சியும் வந்து, போத்தல்களை இறக்கி, கைக்குழந்தைகளுக்கு வேறு பூச்சு என்று விளக்கிவிட்டுப் போனார்கள். யோகேஸ்வரி காம்பரா காம்பராவாகப் போனாள். நான் பின்னால் போனேன், உத்தியோகப் பாரம் தருவதற்காக. அதற்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை.

கறுப்பையா வாசலில் கை கட்டி நின்றார்.

"எனக்கு சொறி கெடையாது. நான் பூசமாட்டேன்."

"இல்லாதவங்களும் பூசணும் தலைவரே. இல்லேன்னா திரும்பி வந்துரும்."

"தீவாளிக்கு ஒடம்புல எண்ணெய் வைப்பாங்களா, இந்த நாத்தத்த வைப்பாங்களா? நான் நாளைக்கு கோயில்ல நிக்கணும்."

"எண்ணெய் விடியக்காலயில வைங்க. யாரு வேணாங்கிறா?"

"நீ கொண்டாந்த சொறிக்கி நான் ஏன் பூசணும்?"

யோகேஸ்வரி போத்தலை மற்றக் கைக்கு மாற்றினாள். முகம் சிவந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா வாசலில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த லெச்சுமி, உரலைக் கீழே வைக்காமலே சத்தம் கொடுத்தாள்.

"அண்ணே, நாளைக்கி கோயில்ல துந்நூறு குடுக்கிறது நீங்கதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கட்டியிருக்க கைய கொஞ்சம் அவுத்துக் காட்டுங்க. அந்தக் கையில துந்நூறு வாங்குறதா வேணாமான்னு லயத்துல எல்லாரும் பாத்து முடிவு பண்ணுவோம்."

வாசல்களில் தலைகள் நீண்டன. கறுப்பையா கையை அவிழ்க்கவில்லை. கட்டிய கையோடே உள்ளே போனார்.

"போத்தல வச்சிட்டுப் போ" என்று குரல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே குரல், "முதுகுக்கு யாராச்சும் வாங்கப்பா, எட்டல" என்றது.

நான்தான் போனேன். அவர் விரல்களை அப்போது பார்த்தேன். என்னைவிட மோசம். எனக்கு அவர் பூசிவிட்டார். இடுப்புக்கு மேலே எரிந்தது. வெளியே வந்தால் லயம் முழுக்க மருந்து வாடையும் முறுக்கு வாடையும் சேர்ந்து அடித்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த இளவட்டங்கள் சட்டையில்லாமல், கைகளை உடம்பில் படாமல் அகட்டிக்கொண்டு, நனைந்த காக்கைகள் மாதிரி நின்றார்கள்.

"ஒரு கெழம கழிச்சி இன்னொரு தரம் பூசணும்" என்று யோகேஸ்வரி சத்தம் போட்டுச் சொன்னாள்.

"அப்ப இன்னொரு தீவாளியும் வைக்கச் சொல்லு!" என்று யாரோ திருப்பிச் சத்தம் போட்டார்கள்.

காத்திருந்த நாட்கள்

இரண்டாவது தடவையும் பூசினார்கள். பூச்சி செத்தது. ஆனால் தினவு உடனே நிற்கவில்லை. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று கிழமைக்கு உடம்பு அதை மறக்காது. இதை மருத்துவிச்சி எல்லோருக்கும் சொல்லியிருந்தார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒரு பிள்ளை காலைச் சொறிந்ததும், "பாத்தியா, போகல" என்றார்கள். அந்தப் பிள்ளையை ஜீப்பில் போன துரையும் பார்த்துவிட்டார். எழுத்தில் வரட்டும் என்று மறுபடியும் சொன்னார்.

பரிசோதகர் மறுபடி வந்து பார்த்தார். சரி என்றார். வாயால். எழுத்துக்கு ஒப்பம் வேண்டும், ஒப்பமிட வேண்டியவர் கூட்டத்தில், கூட்டம் முடிந்தால் விடுமுறை. யோகேஸ்வரி தினமும் காலையில் மடுவத்து வாசலைக் கூட்டிவிட்டு, பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். தாய்மார் சிலர் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டே மலைக்குப் போனார்கள். வருட முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. கங்காணி ஒருவர் லெச்சுமியிடம், மகளுக்குக் கொழுந்துக் கூடை பார்த்துவைக்கட்டுமா என்று நல்லெண்ணத்தோடு கேட்டாராம். லெச்சுமி அவருக்குச் சொன்ன பதிலை, நான் இதை எழுதுகிற பத்திரிகை போடாது.

ஒரு நாள் எனக்குத் தொலைபேசி. அந்த இளைஞர்.

"சேர், மிஸ்ஸுக்குத் தமிழில பதில் அடிக்கிறேன். இந்த முறை என்ன சொல் போடுறது?"

"சிரங்கு என்று போடுங்கள்."

"அதுக்கு வேற அர்த்தம் ஒண்டும் இல்லத்தானே சேர்?"

"இல்லை."

"ஷுவர்?"

"ஷுவர்."

பதில்

கடிதத்தைத் தபால்காரர் கீழ்க் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யோகேஸ்வரி அதை வாங்கி, அந்தக் கடையிலேயே பிரிக்காமல் என் கையில் கொடுத்தாள். அவள் விரல்கள் சுத்தமாக இருந்தன. இடுக்குகளில் மட்டும் மங்கலான தழும்புகள்.

தமிழில் இருந்தது. முறையாக இருந்தது. மேற்படி நிலையத்தின் பிள்ளைகளுக்கு இருந்த சிரங்கு நோய் முற்றாக நீங்கியமை பரிசோதனையில் உறுதிப்படுத்தப்பட்டதால், கடிதத் திகதியிலிருந்து நிலையத்தைத் திறக்க ஆட்சேபனை இல்லை என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார்கள். துரைக்கும் ஒரு பிரதி. நானே எழுதியிருந்தாலும் இதைவிட ஒரு சொல்லைக் கூட்டிக் குறைத்திருக்கமாட்டேன்.

"என்னா தேதி போட்டிருக்கு மாமா?"

"திங்கட்கிழமைத் திகதி."

அவள் விரல் மடக்கி எண்ணினாள்.

"அப்ப திங்கக்கெழமலேர்ந்து மடுவம் தெறந்துதான் இருக்கு. எனக்குத்தான் தெரியாம வாசலக் கூட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை என் கையிலேயே விட்டுவிட்டுப் பூட்டின் திறப்பை வாங்கத் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். நான் மெதுவாக மேலே ஏறிப் போய்ச் சேர்ந்தபோது யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மலையிலிருந்து இரண்டு தாய்மார் கூடையோடே இறங்கி வந்து, முதுகிலிருந்த குழந்தைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பையா தன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"டீச்சர்" என்று கூப்பிட்டார். அதற்கு முன்னால் வேறு சொல் எதையும் சேர்க்கவில்லை. "இவளையும் எடுத்துக்க."

அன்று வியாழக்கிழமை, கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள்.